அக்காவும் ஆஹோத்தும்: உறவுச் சொற்களில் வரலாறு தேடுவோர்க்குச் சில கேள்விகள்

சில ஆண்டுகளாக ஒரு சொற்பட்டியல் நம்மிடையே சுற்றி வருகிறது. எபிரேயத்தில் தந்தை ‘அப்பா’, தமிழிலும் ‘அப்பா’. எபிரேயத்தில் தாய் ‘இம்மா’, தமிழில் ‘அம்மா’. எபிரேயத்தில் உடன்பிறந்தவள் ‘ஆஹோத்’, தமிழில் ‘அக்கா’. இந்த மூன்று இணைகளையும் அடுக்கி முடித்தவுடன் ‘ஆகவே’ என்றொரு சொல் வருகிறது. அதன் பிறகு எபிரேயம் தமிழின் கிளைமொழி ஆகிவிடுகிறது. வாட்ஸாப்பில் மட்டும் இது உலவியிருந்தால் பொருட்படுத்தத் தேவையில்லை. கருத்தரங்கக் கட்டுரைகளிலும் ஆய்வேடுகளின் முன்னுரைகளிலும் இப்பட்டியல் இடம்பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

பட்டியல் பிழையானது என்பது என் வாதத்தின் பாதி மட்டுமே. உறவுச் சொற்கள் ஒரு சமூகம் யாரை மணக்கலாம், யாரை மணக்கலாகாது, சொத்து யாருக்குப் போகும், துக்கத்தில் யார் யாருக்குக் கடமைப்பட்டவர் என்பவற்றையெல்லாம் பதிந்து வைத்திருக்கும் ஆவணங்கள். அந்த ஆவணத்தின் உள்ளடக்கத்தைப் படிக்காமல் மேலுறையின் ஓசையை மட்டும் கேட்டுவிட்டு வரலாறு எழுதுவது, தமிழுக்கும் எபிரேயத்துக்கும் ஒருசேர இழைக்கும் அநீதி. அதனால் இழப்பவர்கள் திராவிட மொழியியலை முறையாகப் பயிலும் மாணவர்கள். இதுவே வாதத்தின் மறுபாதி.

முதலில் ‘அப்பா’வை எடுத்துக்கொள்வோம். எபிரேய வேதத்தின் எபிரேயப் பகுதிகளில் தந்தையைக் குறிக்கும் சொல் ‘ஆவ்’. ‘என் தந்தை’ என்பது ‘ஆவீ’. பன்மை ‘ஆவோத்’. ‘அப்பா’ என்பது எபிரேயத்தின் அண்டை மொழியாகிய அராமியத்தின் வடிவம். அராமியத்தில் பெயர்ச்சொல்லின் இறுதியில் சேரும் ‘ஆ’, ‘இன்னது’ என்று பொருளைச் சுட்டி வரையறுக்கும் விகுதி. ‘இம்மா’வின் இறுதியில் இருப்பதும் அதே விகுதிதான். எபிரேயத்தில் தாய் ‘ஏம்’. யூதர்களின் அன்றாடப் பேச்சில் அராமியம் வேரூன்றிய பிறகு ‘அப்பா’, ‘இம்மா’ என்னும் அழைப்புச் சொற்கள் எபிரேயத்துக்குள் வந்தன. புதிய ஏற்பாட்டில் மாற்கு, உரோமர், கலாத்தியர் ஆகிய மூன்று நூல்களில் ‘அப்பா’ என்ற சொல் கிரேக்க எழுத்தில் அப்படியே வருவது இந்த அராமியப் பேச்சு வழக்கின் தடயம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எலியேசர் பென்-யெஹூதாவும் அவர் காலத்தவரும் எபிரேயத்தை மீண்டும் வீட்டு மொழியாக்கியபோது, குழந்தை தன் பெற்றோரை அழைக்க இவ்விரு அராமியச் சொற்களே வழங்கின. தாத்தாவுக்கு ‘சபா’, பாட்டிக்கு ‘சவ்தா’ என்பனவும் அராமிய வரவுகள்தாம்.

இனித் தமிழ்ப் பக்கம். ‘அப்பா’ என்பது ‘அப்பன்’ என்னும் பெயரின் விளி. இறுதியில் உள்ள ‘ஆ’ அழைப்பின் நீட்சி. ஆக, அராமிய ‘ஆ’ வரையறுக்கும் விகுதி. தமிழ் ‘ஆ’ விளியுருபு. இரண்டும் ஒலியில் ஒன்று, பிறப்பில் வேறு. நடுவில் உள்ள மெய்யும் ஒன்றன்று. அராமியத்தில் இருப்பது ‘கம்பன்’ என்னும் சொல்லில் நாம் ஒலிக்கும் பகரத்தின் இரட்டிப்பு. தமிழில் இருப்பது ‘பல்’ என்பதில் ஒலிக்கும் பகரத்தின் இரட்டிப்பு. தமிழெழுத்து இவ்விரண்டையும் வேறுபடுத்துவதில்லை. எனவே அராமியச் சொல்லைத் தமிழில் எழுதிய மாத்திரத்திலேயே அது தமிழ்ச் சொல்லாகத் தோற்றம் தருகிறது. பட்டியல் தயாரிப்போர் கண்டுபிடித்த ஒற்றுமையில் ஒரு பங்கு மொழிகளுக்கிடையே இல்லை. நம் எழுத்துமுறையில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழின் தொன்மையைக் காட்ட விரும்புவோர் சங்கப் பாடல்களை அல்லவா முதலில் திறக்க வேண்டும்? அங்கே தந்தைக்குப் பெருவழக்காய் வருவன எந்தை, நுந்தை, தந்தை. தாய்க்கு யாய், ஞாய், தாய். இளையவனுக்கு எம்பி, நும்பி, தம்பி. தங்கைக்கு எங்கை, நுங்கை, தங்கை. யாருடைய தந்தை, யாருடைய தாய் என்னும் உடைமையை முன்னொட்டாகத் தன்னுள் கொண்ட சொற்கள் இவை. தந்தை என்று ஒருவர் தனியே இல்லை. என் தந்தை, உன் தந்தை, அவன் தந்தை என்றே உண்டு என்பது அந்தச் சொல்லமைப்பின் உட்பொருள். எபிரேயத்திலும் உறவுச் சொற்கள் உடைமை ஒட்டோடு மிகுதியாக வருகின்றன. ஆனால் ஒட்டு அங்கே பின்னால் சேரும். உலகின் அரிய இலக்கணச் செல்வங்களுள் ஒன்றாகிய இந்த முன்னொட்டு முறையைப் பற்றிப் பட்டியலில் ஒரு சொல் இல்லை. எந்தையை விட்டுவிட்டு அப்பாவைப் பிடித்துக்கொள்வதன் காரணம் வெளிப்படை. எந்தை எபிரேயம் போல ஒலிப்பதில்லை.

‘சரி, அம்மாவும் அப்பாவும் இத்தனை நெருங்கி ஒலிப்பது எப்படி?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, விடை கிடைத்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மானிடவியலர் ஜார்ஜ் பீட்டர் மர்டாக் உலக மொழிகளிலிருந்து தாய் தந்தையரைக் குறிக்கும் 1,072 சொற்களைத் தொகுத்தார். அத்தொகுப்பை முன்வைத்து மொழியியலர் ரோமன் யாக்கொப்சன் 1960இல் வெளிவந்த கட்டுரையில் விளக்கம் தந்தார். குழந்தை முதலில் வசப்படுத்தும் ஒலிகள் இதழை மூடித் திறக்கும் மகரமும் பகரமும், நாநுனித் தகரமும் நகரமும், வாயை அகலத் திறக்கும் அகரமும். பால் குடிக்கும் வாய் மூடியிருக்கையில் மூக்கின் வழி எழும் முனகலே மகரத்துக்கு நாற்றங்கால். குழந்தையின் இந்த மழலையைப் பெற்றோர் தம் பெயராக ஏற்றுக்கொள்கிறார்கள். எனவே தொடர்பே இல்லாத மொழிகளில் இச்சொற்கள் ஒத்திருப்பது எதிர்பார்க்கத் தக்கது. சீனத்தில் தந்தை ‘பாபா’, சுவாகிலியில் ‘பாபா’, துருக்கியத்தில் ‘பாபா’. இம்மூன்றும் ஒரே குடும்பம் என்று எந்த மொழியியலரும் கூறுவதில்லை. ஜார்ஜிய மொழியிலோ ‘மாமா’ என்றால் தந்தை, ‘தெதா’ என்றால் தாய். ஒலிகளின் இருப்பு பொது. எந்த ஒலி யாருக்கு என்பது அந்தந்த மொழியின் முடிவு.

மொழிக்குடும்ப உறவை நிறுவ முயலும் எவரும் முதலில் விலக்கி வைக்க வேண்டிய சொற்கள் இவை. நம் பட்டியல் அவற்றையே முதலில் நிறுத்துகிறது.

‘ஒரு சொல் என்றால் தற்செயல், மூன்று சொற்களுமா தற்செயல்?’ என்பது அடுத்த வாதம். எனவே மூன்றாவது இணைக்கு வருகிறேன். ‘ஆஹோத்’ என்ற எபிரேயச் சொல் தனிச்சொல் அன்று. ‘ஆஹ்’ என்றால் உடன்பிறந்தவன். அதனோடு பெண்பால் விகுதி சேர்ந்ததே ஆஹோத். அக்காதிய மொழியில் உடன்பிறந்தவன் ‘அஹு’, உடன்பிறந்தவள் ‘அஹாத்து’. அரபியில் முறையே ‘அஃக்’, ‘உஃக்த்’. அக்காதியத்தில் ‘ஆ’ என நெடிலாய் நிற்பது எபிரேயத்தில் ‘ஓ’ ஆகத் திரிந்திருக்கிறது. இத்திரிபு இந்தச் சொல்லுக்கு மட்டும் உரியதன்று. அரபியில் ‘சலாம்’, எபிரேயத்தில் ‘ஷாலோம்’ என்பதும் அதே விதி. எபிரேயம் உள்ளிட்ட கானானிய மொழிகளின் அடையாளமே இந்த ஆ–ஓ மாற்றம்.

இப்போது ‘அக்கா’வோடு ஒப்பிடுங்கள். ஆஹோத்தின் பெண்பால் விகுதியை நீக்கினால் எஞ்சுவது உடன்பிறந்தவனைக் குறிக்கும் ஆஹ். ஆக, அக்காவுக்கு இணையாக நிறுத்தப்படும் பகுதியின் பொருள் சகோதரன்! பெண்பாலைக் காட்டும் ஒரே உறுப்பாகிய ‘ஓத்’துக்கு அக்காவில் எதிரொலி எதுவும் இல்லை. ஆஹோத் என்பது மூத்தவளையும் குறிக்கும், இளையவளையும் குறிக்கும். அக்கா மூத்தவளை மட்டுமே குறிக்கும். மெய்யொலியும் ஒத்துவரவில்லை. எபிரேயத்தில் இருப்பது தொண்டையில் எழும் உரசொலி. தமிழில் இருப்பது இரட்டித்த வல்லெழுத்து. பொருள், உறுப்பமைப்பு, ஒலி ஆகிய மூன்றிலும் பொருந்தாத ஒன்றை இணை என்று எப்படிச் சொல்வது?

அப்படியானால் உண்மையான சான்று எப்படி இருக்கும்? எபிரேய உறவுச் சொற்களே அதற்கு அருமையான பாடம். பெண் ஒருத்தி தன் கணவனின் தந்தையை ‘ஹாம்’ என்பாள், மாமியார் ‘ஹாமோத்’. ரூத்தின் கதையில் நகோமி அவளுக்கு ஹாமோத். அரபியில் இச்சொல் ‘ஹமு’ என நிற்கிறது. அக்காதியத்தில் ‘எமு’. ஹாம் என்பதும் எமு என்பதும் காதுக்கு ஒன்றாகவா படுகின்றன? ஆயினும் இரண்டும் ஒரே சொல். அக்காதியம் பழைய செமித்தியத் தொண்டையொலிகளுள் இந்த ஹகரத்தை இழந்தது. இழந்த இடத்தில் அடுத்திருந்த அகரம் எகரமாயிற்று. இம்மாற்றம் பிற சொற்களிலும் ஒழுங்காக நிகழ்ந்திருப்பதால் விதி என நிறுவப்படுகிறது. கன்னடத்தில் ‘கிவி’ என்பதும் தமிழில் ‘செவி’ என்பதும் ஒன்றே என்று நாம் சொல்வதும் இதே முறையில்தான். முன்னுயிருக்கு முன் நின்ற பழைய ககரம் தமிழில் சகரமாயிற்று என்ற விதி பல சொற்களால் உறுதிப்பட்டது.

இதைவிட வலுவான சான்றும் உண்டு. எபிரேயத்தில் தந்தை, உடன்பிறந்தவன், கணவனின் தந்தை ஆகிய மூவரையும் குறிக்கும் சொற்கள் இன்னொரு பெயரோடு புணரும்போதும் உடைமை ஒட்டு ஏற்கும்போதும் பிற பெயர்களைப் போல நடந்துகொள்வதில்லை. இடையில் ஒரு நெடில் தலைகாட்டுகிறது. அரபி இலக்கணிகள் ‘ஐந்து பெயர்கள்’ என்று தனித்து வகுத்து வைத்திருக்கும் விதிவிலக்குப் பெயர்களின் வரிசையில் இதே மூன்று சொற்களும் இருக்கின்றன. அங்கும் நெடிலே வருகிறது. இரண்டு மொழிகள் ஒரே சொற்களில் ஒரே வகையாகப் பிறழ்வது தற்செயலாகவும் நேராது, கடன் வாங்கியும் நேராது. ஒரு தாயிடமிருந்து இரண்டும் பெற்ற மரபாகவே அது இருக்க முடியும். எபிரேய உறவுச் சொற்களின் பிறந்தவீடு செமித்தியம் என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

இதுவரை ஒலியையும் வடிவத்தையும் பேசினேன். உறவுச் சொற்களுக்குள் இருக்கும் உறவு முறைக்கு இனி வருகிறேன். பட்டியல் முற்றிலும் சரிந்து விழும் இடம் இதுவே.

தமிழ் உடன்பிறப்புச் சொற்களின் முதல் அச்சு மூப்பு. அண்ணன், தம்பி, அக்கா, தங்கை. மூத்தவனா இளையவனா என்று அறியாமல் ஒருவனைத் தமிழின் அன்றாடப் பேச்சில் உறவு சொல்லிக் குறிப்பிடுவதே கடினம். எபிரேயத்தில் ஆஹ், ஆஹோத் என்னும் இரண்டு சொற்களே உள. மூப்பைச் சொல்ல வேண்டுமானால் ‘பெரிய’, ‘சிறிய’ என்று அடைமொழி சேர்க்க வேண்டும். எபிரேயச் சமூகம் மூப்பைப் பொருட்படுத்தவில்லை என்பதன்று. ‘பெகோர்’ என்று தலைப்பிள்ளைக்குத் தனிச்சொல் உண்டு. உபாகமச் சட்டம் அவனுக்கு இரட்டைப் பங்கு தருகிறது. ஆனால் அங்கே மூப்பு சொத்துரிமையின் பாற்பட்டது. இங்கே விளிமுறையின் பாற்பட்டது.

இரண்டாவது அச்சு பங்காளி, மாமன்-மைத்துனன் என்னும் பிரிவு. பெரியப்பா, சித்தப்பா மக்கள் நமக்கு அண்ணன், தம்பி, அக்கா, தங்கை. பெரியம்மா, சித்தி மக்களும் அவ்வாறே. மாமன் மக்களும் அத்தை மக்களுமோ முறைமைக்காரர்கள். மாமன் என்ற சொல்லே மாமனாராகிறது. மருமகன் என்பது உடன்பிறந்தாள் மகனையும் குறிக்கிறது, மகளின் கணவனையும் குறிக்கிறது. திராவிட உறவுச் சொற்கள் மணவுறவின் வெளிப்பாடு என்று லூயி துய்மோன் 1953இல் எழுதியதன் சாரம் இதுவே. தாமஸ் டிரவுட்மன் 1981இல் ‘திராவிட உறவுமுறை’ என்ற நூலில் இதை வரலாற்று நோக்கில் விரித்தார்.

எபிரேயத்தில் என்ன காண்கிறோம்? தந்தையின் உடன்பிறந்தவன் ‘தோத்’. தாயின் உடன்பிறந்தவனுக்கு வேதத்தில் தனிச்சொல்லே இல்லை. யாக்கோபுக்கு லாபான் ‘தாயின் சகோதரன்’ என்ற தொடரால் திரும்பத் திரும்பக் குறிக்கப்படுகிறான். நமக்கு அவன் ஒரே சொல்லில் மாமன். தோத்தின் மகன் ‘தோத்தின் மகன்’தான், எரேமியா தன் உறவினனிடம் நிலம் வாங்கும் இடத்தில் அவ்வாறே குறிக்கிறான். மாமனாருக்கோ தோத்தோடு தொடர்பற்ற இரண்டு சொற்கள்: மனைவியின் நோக்கில் கணவனின் தந்தை ஹாம், கணவனின் நோக்கில் மனைவியின் தந்தை ‘ஹோத்தேன்’. தமிழ் ஒன்றாக்கும் இடத்தில் எபிரேயம் பிரிக்கிறது. தமிழ் பிரிக்கும் இடத்தில் எபிரேயம் ஒன்றாக்குகிறது.

‘யாக்கோபு மாமன் மகளை மணந்தானே, அது முறைப்பெண் வழக்கம் அல்லவா?’ என்று ஒரு கருத்தரங்கில் கேட்டார்கள். முழுக் குடும்பத்தையும் பாருங்கள். நாகோர் தன் உடன்பிறந்தான் ஆரானின் மகளாகிய மில்க்காளை மணந்தான். நமக்கு அவள் மகள் முறை. ஈசாக்கு தன் தந்தையின் உடன்பிறந்தான் வழியில் வந்த பெத்துவேலின் மகள் ரெபேக்காளை மணந்தான். பெத்துவேல் அவனுக்கு உடன்பிறந்தான் முறை ஆதலால் ரெபேக்காளும் மகள் முறை. ஏசா தன் தந்தையின் உடன்பிறந்தானாகிய இஸ்மவேலின் மகளை மணந்தான். நமக்கு அவள் உடன்பிறந்தாள் முறை. அம்ராம் தன் அத்தை யோகெபெத்தை மணந்தான். செலோப்பியாத்தின் ஐந்து மகள்கள் தந்தைவழி உடன்பிறந்தார் மக்களை மணந்தார்கள். குலத்தின் நிலம் வேறு குலத்துக்குப் போய்விடக் கூடாது என்பது அதன் காரணம் என்று எண்ணாகமமே விளக்குகிறது. பங்காளிக்குள் மணமுடித்துச் சொத்தைக் காத்தது அந்தச் சமூகம். பங்காளிக்குள் மணம் என்ற நினைப்பையே தகாததாக்கி, பெண் கொடுத்துப் பெண் எடுத்து உறவைப் பெருக்கியது திராவிட மரபு. இரண்டும் தத்தம் நோக்கில் நியாயம் உடையவை. ஒன்று மற்றொன்றிலிருந்து வந்தது என்பதற்கோ இடமே இல்லை.

இதைக் கண்டறிய இருபத்தோராம் நூற்றாண்டு வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. அமெரிக்க மானிடவியலர் லூயிஸ் ஹென்றி மார்கன் 1871இல் வெளியிட்ட பெருநூலில் உலக உறவுமுறைகளை அட்டவணையிட்டார். தமிழ் அட்டவணை ஆர்க்காட்டு மிஷனைச் சேர்ந்த ஸ்கட்டர் குடும்பத்தார் வழி அவருக்குக் கிடைத்தது. எபிரேயத்தை அவர் ஒரு வகையில் வைத்தார். தமிழை அதற்கு நேர் எதிரான வகையில் வைத்தார். தமிழ் முறையோடு வியக்கத்தக்க ஒற்றுமை அவருக்குத் தென்பட்டது வட அமெரிக்கப் பழங்குடிகளாகிய இரோக்குவாவிடம். அதிலிருந்து அவர் எடுத்த குடிபெயர்வு முடிவை இன்று யாரும் ஏற்பதில்லை. முறைமை ஒற்றுமையே வரலாற்று உறவை நிறுவப் போதாது என்றால், முறைமையில் நேரெதிராய் நிற்கும் இரண்டு மொழிகளை ஒலியொன்றைக் கொண்டு இணைப்பதை என்னவென்பது?

தமிழுலகுக்கும் எபிரேய உலகுக்கும் தொடர்பே இல்லை என்று நான் வாதிடுவதாக யாரும் கொள்ள வேண்டாம். தொடர்பு உண்டு, அதற்கான சான்றுகள் வேறு தன்மையன. அரசர்கள் நூலில் சாலமோனின் கப்பல்கள் கொணர்ந்த பொருள்களுள் ‘துக்கி’ என்றொரு சொல் வருகிறது. அதைத் தமிழ்த் ‘தோகை’யோடு இணைத்தவர்களுள் கால்டுவெல்லும் ஒருவர். ‘அஹாலிம்’ என்னும் நறுமரத்தை அகிலோடு இணைப்பாரும் உளர். எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹைம் ராபின், 1968 சென்னை மாநாட்டுக் கருத்தரங்கத் தொகுதியில் இத்தகைய வணிகச் சொற்களை ஆராய்ந்தார். துக்கிக்கு வேறு விளக்கம் கூறுவோர் உண்டு, விவாதம் முடியவில்லை. ஆயினும் விவாதிக்க ஒரு பொருள் இருக்கிறது, ஒரு கப்பல் வழி இருக்கிறது, சொல் பயணம் செய்ய ஒரு காரணம் இருக்கிறது. மயிலைப் பார்த்திராதவன் மயிலின் பெயரைக் கடன் வாங்குவான். தாயைப் பார்த்திராதவன் யார்?

பிற்காலத் தொடர்புக்கு ஆவணங்களே உள்ளன. ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில் சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன் யோசேப்பு இரப்பானுக்கு உரிமைகள் வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆபிரகாம் பென் யிஜு என்ற யூத வணிகர் மங்களூரில் ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் வாழ்ந்தார். அவருடைய கடிதங்கள் கெய்ரோவின் கெனிசாச் சேமிப்பில் கிடைத்தன. ஆசு என்ற பெண்ணை அவர் 1132இல் அடிமைநிலையிலிருந்து விடுவித்தார். அவளையே மணந்தார் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. ஊர் திரும்பிய பின் தம் மகளை அவர் யாருக்கு மணமுடித்தார்? தம் உடன்பிறந்தான் யூசுபின் மகனுக்கு. 1156இல் புஸ்தாத்தில் திருமணம் நடந்தது. அம்முடிவு ஆபிரகாமின் மரபில் குலத்தை ஒன்றுசேர்க்கும் கடமை. துளுநாட்டு முறையில் வளர்ந்த ஆசுவின் கண்ணிலோ மணமகன் மணமகளுக்கு உடன்பிறந்தான் ஆவான். இரண்டு உறவுமுறைகள் ஒரே வீட்டுக்குள் சந்தித்த அரிய நிகழ்வு இது. தமிழும் எபிரேயமும் அறிந்த ஓர் ஆய்வாளர் ஒரு வாழ்நாள் முழுதும் தோண்டத்தக்க சுரங்கம். நாமோ ‘அப்பா, அப்பா’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

மற்றொரு களத்தையும் சுட்டுகிறேன். ஆபிரகாம் லோத்தைச் ‘சகோதரன்’ என்கிறான். உண்மையில் லோத் உடன்பிறந்தானின் மகன். லாபான் யாக்கோபை அவ்வாறே அழைக்கிறான். யாக்கோபு அவனுக்கு மருமகன். ஆஹ் என்ற சொல் இவ்வாறு விரிந்து செல்வதால், இயேசுவின் சகோதரர் யார் என்ற கேள்வியில் நான்காம் நூற்றாண்டில் ஹெல்விதியுசும் ஜெரோமும் மோதிக்கொண்டார்கள். மரியாளின் பிற்பிள்ளைகள் என்றார் ஒருவர். நெருங்கிய உறவினர் என்றார் மற்றவர். இந்தச் சொல் தமிழுக்கு வரும்போது சிக்கல் இரட்டிக்கிறது. சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1714–15இல் தரங்கம்பாடியில் அச்சானது முதல், அண்ணனா தம்பியா என்று மூலம் சொல்லாத இடங்கள் மொழிபெயர்ப்பாளர் முன் நின்றன. ‘சகோதரன்’ என்னும் வடசொல் தமிழ்க் கிறித்தவ நடையில் இத்துணை ஆழமாய் வேரூன்றியதற்கு, மூப்பைச் சொல்லாமல் தப்பிக்க அது இடமளித்ததும் ஒரு காரணம் என்பது என் கருத்து. மேடையில் ‘சகோதர சகோதரிகளே’ என்று விளிக்கும் இன்றைய வழக்கம் வரை இதன் வரலாற்றைத் தொடரலாம். யாராவது ஆய்வு மாணவர் இதைக் கையிலெடுத்தால் அகமகிழ்வேன்.

இத்தனை சொல்லியும் ‘இதனால் யாருக்கு என்ன கேடு? தமிழுணர்வு வளரட்டுமே’ என்பார் சிலர். கேடு உண்டு. நான் பயிலும் வட இந்தியப் பல்கலைக்கழகச் சூழலில் ஆபிரகாமைப் பிரம்மாவாகவும் சாராளைச் சரசுவதியாகவும் காட்டும் ‘ஆய்வு’களைக் கேட்டு நாம் சிரிக்கிறோம். எல்லா மொழிகளுக்கும் சமற்கிருதமே தாய் என்று சொல்லப்படும்போது, ஒலி ஒப்புமை சான்றாகாது என்று எழுந்து நின்று மறுக்கிறோம். மறுத்துவிட்டு அமர்ந்தவுடன், நம் பக்கத்திலிருந்து ஒருவர் ஆஹோத்தையும் அக்காவையும் நீட்டினால் நம் மறுப்புக்கு என்ன மதிப்பு? அளவுகோல் ஒன்றாக இருக்க வேண்டும். அவர்களுக்கு ஒன்று, நமக்கொன்று என்றால் அது அளவுகோல் அன்று, கைத்தடி.

திராவிட மொழிக்குடும்பம் என்னும் அறிவுச்சாதனை எப்படி வந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். 1816இல் எல்லிஸ் தென்னிந்திய மொழிகள் சமற்கிருதத்தின் வழிவந்தவை அல்ல என்று வேர்ச்சொற்களைக் கொண்டு காட்டினார். 1856இல் கால்டுவெல் மூவிடப் பெயர், எண்ணுப்பெயர், வேற்றுமை, வினை விகுதி என உறுப்பு உறுப்பாய் ஒப்பிட்டார். அவருடைய நூலிலும் செமித்தியச் சொல்லொப்புமைகள் பேசப்படுகின்றன. அவை உதிர்ந்துபோயின, இலக்கண ஒப்பீடு நிலைத்து நின்றது. எமனோவும் பர்ரோவும் 1961இல் தந்த வேர்ச்சொல் அகராதி அந்த முறையின் அறுவடை. தமிழின் தனித்தன்மையை உலகம் ஏற்றுக்கொண்டது அந்த முறையின் கண்டிப்பால். அம்முறையையே நாம் தளர்த்தினால், அது நிறுவிய உண்மையையும் சேர்த்தே தளர்த்துகிறோம். ‘நீங்கள் அங்கே ஒலியை வைத்துத்தானே பேசுகிறீர்கள், திராவிடக் குடும்பமும் அப்படி ஒன்றுதானோ’ என்று நாளை ஒருவர் கேட்டால், அந்தக் கேள்விக்கு நாமே வழிவிட்டவர் ஆவோம்.

எனவே இத்தகைய கட்டுரை எழுத அமரும் மாணவ நண்பர்களிடமும், அதை நெறிப்படுத்தும் பேராசிரியர்களிடமும், வெளியிடும் இதழாசிரியர்களிடமும் மூன்று கேள்விகளை வைக்கிறேன்.

ஒன்று: ஒப்பிடும் சொல்லின் மிகப் பழைய வடிவத்தை அதன் சொந்த மொழிக்குடும்பத்துக்குள் தேடினீர்களா? எபிரேயச் சொல் என்றால் அக்காதியமும் அராமியமும் அரபியும் என்ன சொல்கின்றன என்று பார்க்காமல் தமிழுக்குத் தாவக் கூடாது.

இரண்டு: நீங்கள் காட்டும் ஒலி ஒப்புமை விதியாக நீள்கிறதா? எபிரேய உரசொலி தமிழில் ககர இரட்டிப்பு ஆகும் என்றால், உறவுச் சொற்களுக்கு வெளியே இன்னும் பத்துச் சொற்களில் அதைக் காட்ட முடியுமா?

மூன்று: அந்தச் சொல் தன் சமூகத்தில் யாரைக் குறித்தது, யாரைக் குறிக்கவில்லை, யாருக்கும் யாருக்கும் மணம் கூடும் என்றது என்று ஆராய்ந்தீர்களா?

இம்மூன்றுக்கும் விடையோடு வரும் கட்டுரை, தமிழ்–எபிரேய உறவை நிறுவினாலும் சரி, மறுத்தாலும் சரி, படிக்கத் தக்கது. விடையில்லாமல் வரும் கட்டுரையைத் திருப்பியனுப்பும் துணிவு நம் இதழ்களுக்கும் ஆய்வுக் குழுக்களுக்கும் வேண்டும். ஒரு மாணவரின் ஐந்தாண்டு உழைப்பு அயலார் முன் நகைப்புக்கிடமாவதைவிட, முதலாண்டிலேயே ஒரு கண்டிப்பான கேள்வியை அவர் எதிர்கொள்வது நல்லது.

மாற்றுக் கருத்துடையோர் சொற்களோடும் விதிகளோடும் வருக, பின்னூட்டத்தில் உரையாடலாம். எபிரேயமோ அக்காதியமோ பயிலும் தமிழ் மாணவர்கள் யாரேனும் இதைப் படித்தால், ஆஹ் என்ற சொல் தமிழ் மொழிபெயர்ப்புகளில் எங்கெங்கு எவ்வாறு பெயர்க்கப்பட்டது என்பதைத் தொகுக்கும் பணியில் இணைய முன்வாருங்கள். ஆதியாகமத்திலிருந்து தொடங்கலாம்.